தனிமம், சேர்மம், கலவை: ஒரு பாகுபாட்டின் வரலாறும் தமிழ்ச் சொற்களும்

பொருள்களை இனம்பிரித்து நோக்குதல் மக்களறிவின் தொடக்கச் செயல்களுள் ஒன்றாகும். இன்று பள்ளி மாணவரும் நம்மைச் சூழ்ந்த பொருள்களைத் தனிமம், சேர்மம், கலவை என மூன்றாக வகுத்துரைப்பர். பொன்னும் கந்தகமும் தனிமங்கள். நீரும் சுண்ணாம்பும் சேர்மங்கள். காற்றும் பாலும் பித்தளையும் கலவைகள். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இப்பாகுபாடு நிலைபெறுதற்கு, 1661 முதல் 1808 வரை, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அவ்வரலாற்றைத் தமிழாராய்ச்சியாளர் அறிந்திருத்தல் இன்றியமையாதது. பழந்தமிழ் நூல்களில் வரும் பூதம், அணு, மயக்கம், உலோகம், பாடாணம் முதலிய சொற்களுக்குக் குறிப்பு வரையுங்கால், இன்றைய வேதியியற் சொற்களை நேரே பெய்துவிடும் விருப்பம் எளிதில் எழும். அங்ஙனம் பெய்தல் பொருந்துமா, பொருந்தாதாயின் வேறுபாடு எங்கேயுளது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மயக்கமும் அணுவும்

தொல்காப்பியர் மரபியலில், உலகமாவது ஐம்பூதங்களின் மயக்கம் என்னும் கருத்தை எடுத்துரைக்கின்றார். அவர் அதனைக் கூறுமிடம் கருதத்தக்கது. பொருள்களின் இயைபை ஆராயும் நோக்கத்தோடு அவர் அதனைக் கூறினாரல்லர். உலகப் பொருள்கள் இவ்வாறு விரவிக் கிடத்தலின், அவற்றைச் சொல்லுங்கால் திணை, பால் முதலிய சொன்மரபு பிறழாமை வேண்டும் என்பதற்கு அதனை ஏதுவாக்குகின்றார். ஆகவே, அந்நூற்பா சொல்வழக்கைக் காக்க எழுந்ததேயன்றிப் பொருட்பகுப்பிற்கு இலக்கணம் கூற எழுந்ததன்று.

இனி, மயக்கம் என்னும் சொல்லைத் தொல்காப்பிய வழக்கிற்கொண்டே நோக்குவோம். மெய்ம்மயக்கம் என்பதில் ஒரு மெய்யின் பின் மற்றொரு மெய் வந்து நிற்கும். நிற்பினும் 'கட்கு' என்னும் சொல்லில் டகரம் டகரமாகவே, ககரம் ககரமாகவே ஒலிக்கும். திணைமயக்கத்திலும், ஒரு நிலத்துக்குரியது மற்றொரு நிலத்தில் வந்து விரவுமேயன்றித் தன்னியல்பு கெட்டுப் பிறிதொன்றாவதில்லை. பொன் என்பதும் குடம் என்பதும் புணர்ந்து பொற்குடமாகும்போது னகரம் றகரமாகத் திரிவது வேறு நிலை. அதனை ஆசிரியர் மயக்கம் என்னாது திரிபு என்பர். எனவே, மயக்கம் என்பது கூறுகள் தத்தம் இயல்பு கெடாது விரவி நிற்றலையே குறித்தல் பெரும்பான்மை எனலாம். இன்றைய சொல்லால் அதற்கு அணித்தாவது கலவையே; சேர்மம் அன்று.

பொருளின் இயைபைப் பற்றி நேரே பேசும் பகுதி மணிமேகலையில் உளது. வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயவாதிகளை வினவியறியும் காதையில், ஆசீவகன் தன் கொள்கையை விரிக்கின்றான். நிலம், நீர், தீ, காற்று என்னும் நால்வகை அணுக்களும் உயிரணுவும் உள. அவை தோற்றமும் அழிவும் இல்லாதன. ஓரணு பிளந்து இரண்டாதலோ, நீரணு நிலவணுவாய் மாறுதலோ இல்லை. அவை செறிந்தும் நெகிழ்ந்தும் கூடிப் பல பொருள்களாகும் என்பன அவன் கூற்றின் சாரம். மேலும், பூதங்களில் அவ்வணுக்கள் முழுமை தொடங்கிக் காற்கூறுவரை படிப்படியாகக் குறையும் அளவில், அஃதாவது 4, 3, 2, 1 என்னும் விகிதத்தில் நிற்கும் என்றும், எது மிக்கதோ அதனாலேயே பூதம் பெயர்பெறும் என்றும் கூறுகின்றான். நீலகேசியிலும் ஆசீவகவாதம் தனிச் சருக்கமாக இடம்பெறுகின்றது.

இப்பகுதியைக் காண்போர்க்கு 19-ஆம் நூற்றாண்டின் அணுக்கொள்கை நினைவுக்கு வருதல் இயல்பே. பிளவுறாமை, மாறாமை, விகிதத்தில் கூடுதல் ஆகிய மூன்றும் இரண்டிடத்தும் உள. எனினும், முதன்மையான வேறுபாடு பெயரிடும் முறையில் உளது. ஆசீவகன் பொருளுக்கு மிகுதி பற்றிப் பெயரிடுகின்றான். நிலமிக்கது நிலம், நீர்மிக்கது நீர். இக்கொள்கையின்படி நாம் காணும் நீரிலும் நால்வகை அணுவும் உள. கலப்பற்ற பூதம் என ஒன்று கண்ணுக்குப் புலனாவதில்லை. இன்றைய வேதியியலோ மிகுதி பற்றிப் பெயரிடுவதன்று. மேலும் பகுக்கவியலாமை பற்றித் தனிமம் என்றும், மாறா அளவு பற்றிச் சேர்மம் என்றும் பெயரிடுவது.

அக்காதையில் பூதவாதி கூறும் உவமையும் நோக்கற்பாலது. பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூட்டியவிடத்து மயக்கும் களிப்பு பிறத்தல்போல, பூதங்களின் கூட்டத்தில் உணர்வு தோன்றும் என்கின்றான் அவன். கூறுகளில் தனித்தனியே இல்லாத குணம் கூட்டத்தில் தோன்றும் என்னும் கருத்து ஈண்டுத் தெளிவாகவே உளது. சேர்மத்தின் ஓரியல்பும் இதுவே. ஆயினும், அவன் காட்டும் கள்ளில் நிகழ்வது நொதித்தல். அங்கே வெல்லமும் பூவும் ஒன்றுகூடிப் புதுப்பொருளாவதில்லை. வெல்லத்திலுள்ள சர்க்கரை சிதைந்து சாராயப்பொருளும் கரியமிலவாயுவும் உண்டாகின்றன; விளைந்த கள்ளோ நீரும் சாராயமும் பிறவும் விரவிய கலவை. புதுக்குணம் தோன்றியமையைக் கொண்டு மட்டும் ஒரு பொருள் சேர்மமா கலவையா என்று துணிதல் இயலாது என்பதற்கு இவ்வுவமையே சான்றாகின்றது.

2. உலோகமும் பாடாணமும்

நவலோகம் என அகராதிகள் எண்ணும் வரிசையில் பொன், இரும்பு, செம்பு, ஈயம், வெள்ளி, பித்தளை, தரா, துத்தநாகம், வெண்கலம் என்பன உள. இவற்றுள் பொன், இரும்பு, செம்பு, ஈயம், வெள்ளி, துத்தநாகம் ஆகிய ஆறும் தனிமங்கள். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. தராவும் வெண்கலமும் செம்பும் வெள்ளீயமும் கலந்தவை. ஆறு தனிமங்களும் மூன்று கலவைகளும் ஒரே நிரலில் நிற்கின்றன.

இதனை அறியாமை என்று கொள்ளுதல் பிழையாகும். செம்பையும் வெள்ளீயத்தையும் அளந்து உருக்கி வெண்கலம் வார்த்த கன்னானுக்கு அது இரண்டன் கூட்டு என்பது தெரியாதிருத்தல் எவ்வாறு இயலும்? அவன் அறிந்திருந்தும், பெயர்வரிசை வகுத்தவர் அதனைத் தனியுலோகமாகவே எண்ணினர். அவர் கருதியது உருகுதல், ஒளிர்தல், தகடாதல், ஒலித்தல், பாண்டமாதல் ஆகிய குணங்களும் பயன்களுமேயாம். பஞ்சலோகம் என்னும் சொல்லாட்சியும் இதனை வலியுறுத்தும். பெயர்வரிசையில் அது பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் என்னும் ஐந்து தனித்தனி உலோகங்களைச் சுட்டும். படிமம் வார்ப்போர் வழக்கிலோ, பெரும்பகுதி செம்பாகப் பிறவற்றைச் சேர்த்து உருக்கிய ஒரே கலவையைச் சுட்டும். நூலிலோ கல்வெட்டிலோ இச்சொல் வருமிடத்து எப்பொருளில் வந்தது என்பதை இடம்நோக்கியே துணிதல் வேண்டும்.

சித்த மருத்துவ நூல்கள் பாடாணங்களைப் பிறவிப் பாடாணம், வைப்புப் பாடாணம் என இருவகையாக்கி, வகைக்கு 32 ஆக 64 என எண்ணும். இயற்கையிற் கிடைப்பது பிறவி, செய்துகொள்வது வைப்பு. இங்கே பாகுபாட்டின் அடிப்படை, பொருள் தோன்றிய வழி. தனிமமாகிய கந்தகமும், கந்தகமும் ஆர்செனிக்கும் சேர்ந்த தாளகமும், கந்தகமும் பாதரசமும் சேர்ந்த இலிங்கமும் பாடாணம் என்னும் ஒரே பெயர்க்குள் அடங்குகின்றன.

இலிங்கத்தைச் சிறிது விரித்து நோக்குதல் பயனுடையது. பாதரசம் வெள்ளிபோல் ஒளிரும் நீர்மம். கந்தகம் மஞ்சள் நிறமுடைய திண்மம். இலிங்கம் இரண்டன் நிறமும் இயல்பும் இன்றிச் செந்நிறப் பொருளாய் நிற்கும். அதனைச் சூடேற்றி வடித்து மீண்டும் பாதரசத்தைப் பெறும் முறையை மருத்துவர் அறிந்திருந்தனர். கூட்டவும் பிரிக்கவும் அறிந்த கைத்திறன் அவர்பால் இருந்தது. தூய இலிங்கத்தில் எடையளவில் நூற்றுக்கு ஏறத்தாழ 86 பங்கு பாதரசமும் 14 பங்கு கந்தகமும் இருக்கும். மலையிலிருந்து எடுப்பினும் அடுப்பிற் செய்யினும் அவ்வளவு மாறுவதில்லை. ஆகவே, பிறவி, வைப்பு என்னும் வேறுபாடு வேதியியற் பாகுபாட்டில் நில்லாது. ஆனால் மருத்துவருக்கு அவ்வேறுபாடு வேண்டியதே. இயற்கையிற் கிடைத்ததில் மண்ணும் பிற தாதுக்களும் விரவியிருத்தல் கூடுமாதலின், அதனைத் தூய்மைசெய்யும் முறையும் வேறாதல் வேண்டும்.

3. பாயில் முதல் லவாசியே வரை

ஐரோப்பாவிலும் நெடுங்காலம் நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கே அடிப்படைகளாகக் கொள்ளப்பட்டன. பாரசெல்சசின் வழிவந்தோர் உப்பு, கந்தகம், இரசம் என்னும் மூன்றை முதன்மைகளாகக் கொண்டனர். 1661-இல் இராபர்ட் பாயில் ஐயவாத வேதியியலாளன் என்னும் பொருளுடைய பெயரால் ஒரு நூல் வெளியிட்டு, இவ்விரு கொள்கைகளையும் வினவினார். பொருளைத் தீயிலிட்டால் வெளிப்படுவன அதன் மூலக்கூறுகளே என்பது அந்நாளையோர் துணிபு. தீயினால் பொன் பகுபடுவதில்லை. பகுபடும் பொருள்களினின்று வெளிப்படுவன முன்பே அவ்வடிவில் உள்ளிருந்தன என்பதற்கும் சான்றில்லை என்று அவர் காட்டினார். கலப்பற்ற எளிய பொருளே மூலம் என வரையறை கூறிய பாயில், அத்தகைய பொருள்கள் உண்மையில் உளவோ என்பதில் ஐயமுடையராகவே இருந்தார்.

அடுத்து வந்தது துலாக்கோலின் காலம். 1756-இல் சோசப் பிளாக் என்பார் சுண்ணாம்பைப் பற்றிய தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டு நீற்றுதல் நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் தொழில். சுட்டபின் கல்லின் எடை குறைவது தொழிலாளர் அறிந்ததே. அக்குறைவு, கல்லில் பிணைந்திருந்த ஒரு வளி வெளியேறியதனால் என்பதைப் பிளாக் நிறுவினார். 100 பங்கு தூய சுண்ணாம்புக்கல்லினின்று 56 பங்கு சுட்ட சுண்ணாம்பும் 44 பங்கு கரியமிலவாயுவும் உண்டாகும். நீர்விட்டு நீற்றிய சுண்ணாம்பு சுவரிற் பூசப்பட்டபின் காற்றிலுள்ள அவ்வாயுவையே மீண்டும் ஏற்று இறுகும். திண்ணிய கல்லினுள் வளி அடங்கியிருந்தமை தெரிந்தபோது, நிலம் வேறு காற்று வேறு என்னும் பழைய எல்லை தளர்ந்தது.

நீரின் நிலையும் அவ்வாறே மாறியது. எரியும் வளியைக் காற்றிலெரித்தால் நீர் உண்டாதலைக் காவண்டிசு 1784-இல் வெளியிட்டார். அதற்கு முன்னாண்டிலேயே, நீர் தனிப்பொருளன்று என லவாசியே அறிவித்திருந்தார். 1800-இல் நிக்கல்சனும் கார்லைலும் மின்னோட்டத்தால் நீரைப் பகுத்து, ஐதரசனும் ஆக்சிசனும் தனித்தனியே வெளிப்படக் கண்டனர். எடையளவில் ஒரு பங்கு ஐதரசனுக்கு எட்டுப் பங்கு ஆக்சிசன் என்பது எவ்விடத்து நீருக்கும் பொதுவாகும்.

1789-இல் லவாசியே தம் வேதியியல் நூலில் 33 எளிய பொருள்களின் பட்டியலை அளித்தார். பகுத்துச் செல்லுங்கால் எஞ்சும் இறுதிப்பொருளே தனிமம் என்பது அவர் கொண்ட வரையறை. அப்பட்டியலில் ஒளியும் வெப்பமும் இடம்பெற்றிருந்தன, சுண்ணாம்பும் இருந்தது. சுண்ணாம்பு போன்ற மண்ணினங்கள் விரைவில் பட்டியலினின்று நீங்கக்கூடும் என்பதை அவரே குறிப்பிட்டார். அதன்படியே, 1808-இல் டேவி சுண்ணாம்பினின்று கால்சியம் என்னும் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். தனிமம் என்னும் பெயர் இங்ஙனம் சோதனையின் எல்லைக்கு உட்பட்டதாயிற்று. இன்று பகுக்க இயலாதது நாளைப் பகுக்கப்படுமாயின் அப்பெயரை இழக்கும். பூதம் என்னும் சொல்லுக்கு இத்தகைய நிபந்தனை ஒருநாளும் இருந்ததில்லை.

4. சேர்மத்திற்கும் கலவைக்கும் எல்லை

தனிமம் எது என்பது தெளிந்த பின்னரும், சேர்மத்தையும் கலவையையும் பிரித்தறிதல் எளிதாயில்லை. இது குறித்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு நாட்டறிஞர் இருவரிடையே நிகழ்ந்த வாதம் வேதியியல் வரலாற்றில் சிறப்புடையது. ஒருவர் பெர்த்தொலே, மற்றவர் இசுபெயின் நாட்டில் பணியாற்றிய புரூஸ்ட்.

பெர்த்தொலே 1798-இல் நெப்போலியனோடு எகிப்து சென்றவர். ஆங்குள்ள ஏரிக்கரைகளில் உப்பும் சுண்ணாம்புக்கல்லும் வினைப்பட்டுச் சோடா உண்டாதலைக் கண்டார். ஆய்வுக்கூடத்தில் நிகழ்வதற்கு நேர்மாறான வினை அது. கூடும் பொருள்களின் அளவே வினையின் போக்கை மாற்றும் என்று அவர் உய்த்துணர்ந்தார். அவ்வுணர்வு உண்மையானதே. அதனினின்று, கூடிய பொருளின் இயைபும் அளவுக்கேற்ப மாறும் என்று மேலும் கொண்டார். உலோகக் கலவை, கண்ணாடி, உப்புக்கரைசல் ஆகியவற்றை அதற்குச் சான்றாக்கினார். புரூஸ்ட் இதனை மறுத்தார். மலையில் விளைந்த செம்புக் கார்பனேட்டும் ஆய்வுக்கூடத்தில் தாம் ஆக்கியதும் ஒரே இயைபுடையன என்பதை 1799-இல் அவர் காட்டியிருந்தார். பெர்த்தொலே காட்டிய கண்ணாடியும் கரைசலும் உண்மைச் சேர்க்கைகள் அல்ல, கலப்புகளே என்பது அவர் விடை.

இவ்விடையில் ஓரிடர் உண்டு. மாறா அளவில் கூடுவதே சேர்மம் எனின், அளவு மாறும் பொருள் எதுவும் இலக்கணத்தாலேயே சேர்மமாகாது; பெர்த்தொலே எதனைக் காட்டினும் அது கலப்பு என்று தள்ளப்படும். இவ்வட்டத்தினின்று வெளியேறும் வழியை டால்ட்டன் 1808-இல் தாம் வெளியிட்ட நூலால் அமைத்தார். ஒவ்வொரு தனிமத்தின் அணுக்கும் தனியெடை உண்டு. அணுக்கள் எண்ணளவில் கூடுதலின் எடையளவு மாறாதிருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அதன்பின், மாறா அளவு என்பது வரையறையாக மட்டும் நில்லாது காரணமுடையதாயிற்று.

எனினும், பெர்த்தொலேயின் கருத்து முற்றும் வீழ்ந்துவிடவில்லை. இயைபளவு சிறிது நெகிழும் சேர்மங்கள் 20-ஆம் நூற்றாண்டில் அறியப்பட்டன. இரும்பாக்சைடு ஒன்றில் இரும்பணுக்கள் ஆக்சிசன் அணுக்களின் எண்ணிக்கைக்குச் சற்றுக் குறைவாகவே உள. உருசிய அறிஞர் குர்னக்கோவ் இத்தகையவற்றிற்குப் பெர்த்தொலேயின் பெயரையே சூட்டினார். தனிமத்தின் இலக்கணமும் திருத்தமுற்றது. 1913-இல் மோசிலி கண்ட முறையால், தனிமத்தை இனங்காட்டுவது அதன் அணுவெண் என்பது தெளிவாயிற்று. 2016-இல் பெயரிடப்பட்ட நான்கையும் சேர்த்துத் தனிமங்கள் 118 ஆகும்.

இவ்வளவுகோலைக் கொண்டு ஐம்பூதங்களை நோக்கின் விளைவு வெளிப்படை. நிலம், பல சேர்மங்கள் விரவிய கலவை. நீர், சேர்மம். தீ, பொருளன்று, வினை நிகழுங்கால் தோன்றும் ஒளியும் வெப்பமும். காற்று, நைட்ரசன் 78, ஆக்சிசன் 21, ஆர்கன் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு என்னும் நூற்றுவீதமுடைய கலவை. அவ்வார்கன் 1894-இல்தான் அறியப்பட்டது. விசும்பு, இடம். ஐந்தனுள் ஒன்றேனும் தனிமமாகவில்லை. திண்மம், நீர்மம், வளிமம் முதலிய நிலைகளையே பூதங்கள் குறித்தன எனச் சிலர் கொள்வர். அவ்வாறு கொள்ளினும், அவை தனிமங்களாகா என்பதே முடிபாகும்.

5. பிரித்தற்சொற்களும் கலைச்சொற்களும்

கலவையைப் பிரிக்கும் தொழில்களுக்குத் தமிழில் சொல்வளம் மிகுதி. புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நாவுதல், சலித்தல், அரித்தல், வடித்தல், கடைதல் என அவை விரியும். கலங்கல் நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளிவித்தல் கலித்தொகைக் காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. இவற்றிலெல்லாம் பொருளின் இயல்பு கெடாது கூறுகள் விலகும். சுடுதல், நீற்றுதல், புடமிடுதல் முதலிய சொற்கள் வேறொரு குழுவாக நிற்கின்றன. இவை பொருளையே மாற்றும் தொழில்கள். ஆக, இருவகைத் தொழில்களும் சொல்லளவில் வேறுபட்டிருந்தன. ஆனால் அவற்றின் விளைபொருள்களைச் சேர்மம், கலவை எனப் பொதுமையாக்கும் பெயர்கள் எழவில்லை. சேர்தல், கலத்தல் என்னும் வினைகள் இன்றும் பேச்சுவழக்கில் இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. பாலில் நீர் சேர்ந்தது என்றும் கலந்தது என்றும் கூறுகின்றோம்.

பெயர்கள் எழுந்தது தற்கால வேதியியல் தமிழில் எழுதப்பட்ட பின்னரே. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் பிஷ் கிறீன், மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். அவர் முயற்சியால் 1875-இல் 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூல் வெளிவந்தது. நூற்பெயரே ஆங்கிலச் சொல்லைத் தமிழொலிக்கு இசைத்துக்கொண்டதாகும். 1916-இல் சேலத்தில் இராசாசி முதலியோர் அறிவியற் சொற்களுக்கெனச் சங்கம் கண்டனர். வீட்டுப்பொருள்களின் வேதியியலைச் சொல்லும் 'திண்ணை இரசாயனம்' பின்னர் இராசாசியால் எழுதப்பட்டது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் கலைச்சொற்களைத் தொகுத்து நூலாக்கியது.

இன்று தமிழகப் பாடநூல்கள் தனிமம், சேர்மம், கலவை என்றும், இலங்கைப் பாடநூல்கள் மூலகம், சேர்வை, கலவை என்றும் வழங்குகின்றன. கலவை இரண்டிற்கும் பொது. மூலகம் என்பது பிறபொருள் தோன்றுதற்கு வேராவது என்னும் கருத்துடையது. அது முதற்காரணம் நோக்கிய பழைய சிந்தனையோடு உறவுடையது. தனிமம் என்பது பிறிதொன்று விரவாது தனித்து நிற்பது என்னும் கருத்துடையது. அது லவாசியேயின் வரையறைக்கு அணித்து. இரண்டும் வழக்கில் நிலைத்துவிட்டன; ஒன்றை நீக்கி மற்றொன்றை நிறுத்த வேண்டுவதில்லை.

6. முடிபு

மேற்கூறியவற்றால், பழந்தமிழ்ப் பாகுபாடுகளின் அடிப்படை ஒன்றன்று என்பது புலனாகும். பூதம் மிகுதியையும் குணத்தையும் பற்றியது. உலோகம் குணத்தையும் பயனையும் பற்றியது. பாடாணம் தோன்றிய வழியைப் பற்றியது. தனிமம், சேர்மம், கலவை என்பன பகுத்தற் சோதனையையும் எடையளவையும் பற்றியன. இவற்றை ஒன்றற்கொன்று நேராக வைப்பின் இருபாலும் இழப்பு நேரும். பூதத்தைத் தனிமம் என்றெழுதினால் நம் நூல் பிழை கூறியதாகத் தோன்றும். மணிமேகலையின் அணுவை டால்ட்டனின் அணு என்றெழுதினால் அந்நூலுக்கே உரிய கொள்கை மறையும்.

ஆகவே, பதிப்பாசிரியரும் அகராதி தொகுப்போரும் இத்தகைய சொற்களுக்கு முதற்கண் நூல் கொண்ட பொருளையும், அதனின் வேறாக இன்றைய வேதியியல் இயைபையும் தருதல் நன்று. வெண்கலம் என்னுமிடத்து, நவலோகத்துள் ஒன்று என்பது ஒரு குறிப்பு; செம்பும் வெள்ளீயமும் கலந்தது என்பது மற்றொரு குறிப்பு. உப்பு என்னும் சொல்லே இம்முறையின் தேவையை நன்கு காட்டும். உணவிலிடும் உப்பு, சித்தர் நூல்கள் எண்ணும் உப்பு வகைகள், வேதியியலில் உப்பு என்னும் பொருளினம் ஆகிய மூன்றும் ஒரே பெயருடையன. கடலுப்பு பல உப்புகளின் கலவை. அதிற் பெரும்பகுதியாகிய சோடியம் குளோரைடு சேர்மம். அதன் கூறுகளாகிய சோடியமும் குளோரினும் தனிமங்கள். நூலில் உப்பு என வருமிடமெல்லாம் இவற்றுள் எது கருதப்பட்டது என்பதை வரையறுத்த பின்னரே உரை எழுதுதல் முறையாகும்.